தாள் தண்ணீரை எப்படிக் குடிக்கிறது? நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

புத்தகம் பைண்டிங் செய்வது என் தொழில். நான் தடவும் பசையில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதனால் புதிதாக ஒரு தாள் கைக்கு வந்தால் நிறம், வழவழப்பு எல்லாம் அப்புறம்தான். தண்ணீர் பட்டால் இது என்ன செய்யும் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அதற்காக நான் செய்யும் சின்னச் சின்னச் சோதனைகளை இங்கே எழுதுகிறேன். வீட்டில் கிடக்கும் தாள்களும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தாள் அதிகமாக உறிஞ்சும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எவ்வளவு வேகமாக உறிஞ்சும்? மொத்தம் எவ்வளவு பிடித்துவைக்கும்? உறிஞ்சிய பிறகு தாளுக்கு என்ன ஆகும்? ஒரு தாள் முதல் கேள்வியில் முந்திக்கொண்டு மூன்றாவதில் கூழாகிவிடும். டிரேசிங் பேப்பர் முதல் இரண்டிலும் பின்தங்கியிருக்கும், ஆனால் மூன்றாவதில் அது ஆடுகிற ஆட்டம் வேறு எந்தத் தாளிலும் கிடையாது. மூன்றையும் தனித்தனியாகச் சோதிப்பதுதான் சரியான வழி.

தாளுக்குள் என்ன இருக்கிறது

ஒரு தாளைக் கிழித்து, கிழிந்த விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மெல்லிய இழைகள் துருத்திக்கொண்டிருக்கும். மரத்திலிருந்தோ பஞ்சிலிருந்தோ எடுத்த செல்லுலோஸ் நார்கள் அவை. மரக்கூழ் நார் ஒன்று 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வைக்கோல் போரில் துரும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கிடப்பதுபோல இந்த நார்கள் கிடக்கின்றன. நடுவில் எல்லாம் காற்று.

எவ்வளவு காற்று என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 80 ஜிஎஸ்எம் தாள் என்றால் ஒரு சதுர மீட்டர் 80 கிராம். அதன் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். அப்படியானால் ஒரு சதுர மீட்டரின் கன அளவு 100 கன சென்டிமீட்டர், அடர்த்தி 0.8. செல்லுலோஸின் அடர்த்தியோ 1.5. ஆக, கெட்டியாகத் தெரியும் அந்த ஏ4 தாளில் ஏறக்குறைய பாதி வெறும் இடைவெளி.

தண்ணீர் போய்ச் சேரும் இடங்கள் இரண்டு. ஒன்று, நார்களுக்கு இடையே உள்ள இந்தச் சந்துகள். இன்னொன்று, நாரின் சுவருக்குள்ளேயே. சந்துக்குள் நுழைவது வேகமாக நடக்கும். நாருக்குள் நுழைவது மெதுவாக நடக்கும், ஆனால் தாளின் உருவத்தையே மாற்றிவிடும்.

தண்ணீருக்குத் தாள்மேல் ஏன் இவ்வளவு பற்று? செல்லுலோஸ் மூலக்கூறு நெடுக ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தண்ணீர் மூலக்கூறோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளக் கூடியது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தாளில் ஒரு நாரை இன்னொரு நாரோடு பிடித்துவைத்திருப்பதும் பெரும்பாலும் இதே பிணைப்புதான். தாளைத் தாளாக வைத்திருப்பது பசையல்ல. ஈரக்கூழ் காயும்போது நார்கள் நெருங்கி வந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். மறுபடி தண்ணீர் விட்டால், அது நாருக்கும் நாருக்கும் நடுவே புகுந்து அந்த இடங்களைத் தான் எடுத்துக்கொள்கிறது. நனைந்த தாள் சட்டென்று கிழிவது இதனால்தான்.

கீற்றுச் சோதனை: வேகம்

வெவ்வேறு தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். வடிதாள் அல்லது காபி பில்டர், சமையலறை டிஷ்யூ, அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட், ஏ4 தாள், டிரேசிங் பேப்பர், ஆர்ட் பேப்பர் என்ற வழவழப்பான பத்திரிகைத் தாள் என்று ஆறு போதும். ஒவ்வொன்றிலும் 2 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத்தில் ஒரு கீற்று வெட்டுங்கள். அடியிலிருந்து 1 செ.மீ. இடைவெளியில் பென்சிலால் கோடு போடுங்கள். பேனா வேண்டாம், மை கரைந்து மேலே ஓடிவிடும். பென்சில் கோடு அசையாது.

உயரமான பாத்திரத்தின் வாயில் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து, கீற்றுகளை கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். அடியில் 1 செ.மீ. மட்டும் தண்ணீரில் இருக்கட்டும். கீற்றுகள் ஒன்றோடொன்றும் பாத்திரத்தின் சுவரோடும் ஒட்டக்கூடாது. ஒட்டினால் தண்ணீர் அந்தச் சந்து வழியாகத் தனியாக ஏறிக் கணக்கைக் கெடுத்துவிடும். மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து வைத்தால் பாதி வழியில் காய்வதும் குறையும்.

1, 4, 9, 16 நிமிடங்களில் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நிமிடங்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. சந்துகளின் சுவரில் தண்ணீர் ஒட்டிக்கொள்கிறது. பரப்பு இழுவிசை மீதித் தண்ணீரைப் பின்னாலேயே இழுக்கிறது. இதுதான் பாடப்புத்தகத்தில் படித்த நுண்புழை ஏற்றம். ஆனால் ஏறிய தூரம் கூடக் கூட, அவ்வளவு நீளத் தண்ணீரையும் ஒடுக்கமான பாதையில் இழுக்க வேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது. தூரம், நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. லூகாஸ் 1918-லும் வாஷ்பர்ன் 1921-லும் தனித்தனியே கண்டெழுதிய விதி இது. இரண்டு மடங்கு உயரத்துக்கு நான்கு மடங்கு நேரம், மூன்று மடங்கு உயரத்துக்கு ஒன்பது மடங்கு நேரம். ஆகவே 1, 4, 9, 16 நிமிடக் குறிகள் ஏறக்குறைய சம இடைவெளியில் விழ வேண்டும். வடிதாளில் இது அழகாக அமையும். மேலே போகப் போகப் புவியீர்ப்பும் ஆவியாதலும் சேர்ந்து கடைசிக் குறியைக் கொஞ்சம் கீழே இறக்கும்.

ஆய்வகத்தில் குரோமட்டோகிராஃபிக்கு (கலவையைப் பிரித்துப் பார்க்கும் முறை) பயன்படும் வாட்மன் 1 என்ற வடிதாளில் தண்ணீர் 30 நிமிடத்தில் சுமார் 13 செ.மீ. ஏறும். உங்கள் வடிதாள் அதற்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அடிக்கோட்டுக்குச் சற்று மேலே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்தால், கறுப்புக்குள் ஒளிந்திருந்த நீலமும் சிவப்பும் பிரிந்து ஏறுவதையும் பார்க்கலாம். எந்த நிறம் தாளைவிடத் தண்ணீரோடு அதிகம் ஒட்டுகிறதோ அது மேலே போகும். கலவையை இப்படிப் பிரிக்கும் முறைக்காகத்தான் மார்ட்டின், சிங் (Synge) என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகளுக்கு 1952-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

டிஷ்யூ முதல் நிமிடத்தில் பாய்ந்து ஏறும், அப்புறம் தளரும். அதன் சந்துகள் பெரியவை. அகலமான பாதையில் தண்ணீர் வேகமாக ஓடும், ஆனால் அதிக உயரம் போகாது. நியூஸ்பிரிண்டில் ஏற்றம் மந்தமாக இருக்கும். அதன் நார்களில் மரத்தின் லிக்னின் அப்படியே தங்கியிருக்கிறது, லிக்னினுக்குத் தண்ணீரோடு அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. ஏ4 தாள் நனைந்த கோட்டைத் தாண்டி நகரவே யோசிக்கும். ஆர்ட் பேப்பரில் தண்ணீர் முதலில் நுழைவது வெட்டிய ஓரங்கள் வழியாகத்தான். முகம் இரண்டும் பூச்சால் அடைபட்டிருக்கின்றன.

நேரம் இருந்தால் வெந்நீரிலும் ஒருமுறை செய்யுங்கள். 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குப் போனால் தண்ணீரின் பரப்பு இழுவிசை 7 சதவீதம்தான் குறைகிறது, பாகுநிலையோ ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. விதிப்படி கணக்குப் போட்டால் அதே நேரத்தில் 30 சதவீதம் கூடுதல் உயரம் ஏற வேண்டும்.

சொட்டுச் சோதனை: யார் தடுக்கிறார்கள்?

என் மேஜையில் நான் அதிகம் நம்புவது இந்தச் சோதனையைத்தான். தாளைச் சமமாக விரித்து, துளிக்குழாயால் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். விளக்கின் வெளிச்சம் அந்தச் சொட்டில் பளபளக்கிற கோணத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். பளபளப்பு முழுவதும் மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஈரம் தெரிகிறதா என்று பார்த்தால் குழப்பம் வரும், பளபளப்பு மறைவதில் குழப்பமே இல்லை.

வடிதாளில் சொட்டு விழுந்த கணமே பரவிவிடும். ஏ4 தாளில் திரண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டும் அதே செல்லுலோஸ். பின்னே வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஆலையில் சேர்த்த ஒரு பொருளிலிருந்து. அந்த வேலைக்கு சைஸிங் என்று பெயர். பழைய காலத்தில் தாளை விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டினில் முக்கிக் காயவைத்தார்கள். 1807-ல் ஜெர்மனியில் இல்லிக் என்பவர், பைன் மரத்தின் பிசினான ரோசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலக்கும் முறையை வெளியிட்டார். வேலை சுலபமாயிற்று. ஆனால் அதோடு வந்த அமிலம் தாளை மெல்ல மெல்லத் தின்றது. பழுப்பேறி, மடித்தால் முறிகிற பழைய புத்தகங்களை நான் தினமும் பார்க்கிறேன். அவற்றின் நிலைமைக்கு அந்த அமிலத்துக்கும் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கு எழுதும் தாள்களில் பெரும்பாலும் அமிலம் தேவைப்படாத செயற்கை சைஸிங் வந்துவிட்டது. அதன் மூலக்கூறில் ஒரு பக்கம் நாரைப் பற்றிக்கொள்ளும், தண்ணீரை விரட்டும் கொழுப்பு வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாசல் திறந்துதான் இருக்கிறது, ஆனால் சந்தின் சுவரில் தண்ணீரால் ஒட்ட முடியவில்லை. ஒட்ட முடியாவிட்டால் ஏறவும் முடியாது.

இதை நிரூபிக்க ஒரு எளிய வழி: ஏ4 தாளில் பக்கத்துப் பக்கத்தில் ஒரு சொட்டு வெறும் தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் விடுங்கள். சோப்புத் தண்ணீர் மிகச் சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும். பரப்பு இழுவிசை குறைந்தால் சைஸிங் காவல் காக்க முடியாது.

சைஸிங் தண்ணீரைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. சொட்டு உட்கார்ந்திருக்கும்போதே ஆவியாகவும், நார் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். ஆலைகளில் கோப் சோதனை என்று ஒன்று செய்கிறார்கள்: 100 சதுர செ.மீ. பரப்பில் தண்ணீரை ஊற்றி, 60 விநாடியில் எத்தனை கிராம் உள்ளே போனது என்று எடை பார்ப்பார்கள். நன்றாக சைஸிங் செய்த எழுதும் தாளில் அது சதுர மீட்டருக்கு 20, 30 கிராம் அளவில் இருக்கும்.

ஓவியம் வரைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீர்வண்ணத் தாளில் இருக்கும் சைஸிங்தான் வண்ணத்தை மேலேயே கொஞ்ச நேரம் நகர்த்த விடுகிறது. ரப்பரால் அழுத்தித் தேய்த்த இடத்திலும், டேப் ஒட்டிப் பிய்த்த இடத்திலும் அது போய்விடும். பின்னால் வண்ணம் தீட்டும்போது அந்த இடம் மட்டும் இருண்ட திட்டாகக் குடித்துக்கொள்ளும். அதனால் பென்சில் கோட்டை மெல்லியதாகப் போடுங்கள்.

எடை: மொத்தம் எவ்வளவு

80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று சரியாக 5 கிராம் இருக்கும். சமையலறைத் தராசில் ஒரு கிராம் வித்தியாசம்தான் தெரியும் என்றால் நான்கு தாள்களாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகத் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி, ஒரு மூலையைப் பிடித்துச் சொட்டுவது நிற்கும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சேர்த்து எடை போடுங்கள். கூடிய எடையைக் காய்ந்த எடையால் வகுத்தால் போதும். அதே எடைக்கு டிஷ்யூவும் எடுத்துச் செய்யுங்கள். டிஷ்யூ பல மடங்கு முன்னால் நிற்கும்.

அதன் ரகசியம் நாரில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. ஈர டிஷ்யூ ஒரு பெரிய சூடான உருளையில் ஒட்டிக் காய்கிறது. காய்ந்ததும் ஒரு பட்டைக் கத்தி அதைச் சுரண்டி எடுக்கிறது. சுரண்டும்போது தாள் நெருக்கமாகச் சுருக்கம் விழுந்து, பொருபொருவென்று தடிக்கிறது. லென்ஸில் அந்தச் சுருக்கங்களைப் பார்க்கலாம். அதன் மேல் புடைப்பு வடிவங்களை அழுத்தி, இரண்டு மூன்று அடுக்காகச் சேர்க்கிறார்கள். அடுக்குகளுக்கு நடுவிலும் தண்ணீருக்கு இடம். சைஸிங் கிடையவே கிடையாது.

சதுரச் சோதனை: நனைந்த பிறகு

டிரேசிங் பேப்பரில் 5 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டி, தண்ணீரின் மேல் மெதுவாக மிதக்க விடுங்கள். கண்ணை எடுக்காதீர்கள். சில விநாடிகளில் எதிரெதிர் ஓரங்கள் இரண்டும் மேலே எழும்பும், சதுரம் சுருண்டு குழலாகும். கொஞ்சம் பொறுத்தால், தானாகவே விரிந்து மறுபடி தட்டையாகும்.

நடந்தது இதுதான். நார் தண்ணீரைக் குடித்தால் குறுக்கே 20 முதல் 30 சதவீதம் வரை பருக்கும், நீளத்தில் 1, 2 சதவீதம்தான். ஆலையில் கூழ் ஓடும் கம்பி வலையின் ஓட்டத்தில் நார்களில் பெரும்பாலானவை ஒரே திசையில் படுத்துவிடுகின்றன. அச்சகத்தில் அதைக் கிரெயின் என்பார்கள். கீழ்ப்பக்கம் நனைந்ததும் கிரெயினுக்குக் குறுக்கே அது விரிகிறது. மேல்பக்கம் இன்னும் காய்ந்திருக்கிறது. வேறு வழியில்லாமல் தாள் மேல்நோக்கிச் சுருள்கிறது. தண்ணீர் மேல்பக்கமும் வந்ததும் இரண்டும் சமமாகி விரிகிறது. குழலின் நீளவாக்குத் திசை எதுவோ அதுதான் கிரெயின். எந்தத் தாளின் கிரெயினையும் இப்படிக் கண்டுபிடிக்கலாம். ஏ4 தாளைச் சுருள வைக்க, ஒரு முகத்தை மட்டும் ஈரப் பஞ்சால் துடைத்தால் போதும். கீற்றுச் சோதனைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கிரெயின் போகும் திசையில் தண்ணீர் வேகமாக ஏறும். அதனால் எல்லாக் கீற்றுகளையும் ஒரே திசையில் வெட்டினால்தான் ஒப்பிட முடியும்.

டிரேசிங் பேப்பர் ஏன் இப்படி ஆடுகிறது? அதன் கூழை வெகுநேரம் அடித்து நசுக்கிவிடுகிறார்கள். நார்கள் சிதைந்து ஒன்றோடொன்று அப்பிக்கொள்வதால் சந்துகளே மிஞ்சுவதில்லை. ஆகவே கீற்றில் தண்ணீர் ஏற வழியில்லை. ஆனால் நார்கள் குடிக்கும், பருக்கும். பருத்த நாருக்கு விலகிப்போகச் சந்து இல்லாததால் முழுத் தாளும் நெளிகிறது. சந்து வேறு, நார்ச்சுவர் வேறு என்று நான் முதலில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. ஒளி ஊடுருவுவதற்கும் இதே காரணம்தான்: நாருக்கும் காற்றுக்கும் இடையே ஒளி சிதறுவதால்தான் தாள் வெள்ளையாகத் தெரிகிறது. காற்று குறைந்தால் சிதறலும் குறையும். சாதாரணத் தாளை நனைத்தால் மறுபக்க எழுத்து தெரிவதும் இப்படித்தான், காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துவிடுகிறது.

குலுக்கல் சோதனை

மூடியுள்ள ஒரு புட்டியில் கழிப்பறை டிஷ்யூவையும், இன்னொன்றில் சமையலறை டிஷ்யூவையும் போட்டு, பாதி தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள். முதலாவது நார் நாராகப் பிரிந்து கலங்கல் தண்ணீராகும். இரண்டாவது முழுசாக வரும். சாதாரணத் தாள் நனைந்தால் அதன் வலுவில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. சமையலறை டிஷ்யூவில் தண்ணீரால் அவிழ்க்க முடியாத பிணைப்பைப் போடும் ஒரு பிசினைச் சேர்க்கிறார்கள். அது நார்களை விடாமல் பிடித்துக்கொள்கிறது. தயவுசெய்து அதைக் கழிப்பறையில் போடாதீர்கள், குழாய்க்குள்ளும் அது பிரியாது.

இதை வைத்து என்ன செய்யலாம்

அட்டைக்குத் தாள் ஒட்டும்போது குமிழும் சுருக்கமும் விழுகிறதா? பசை தடவியதும் தாள் குறுக்கே விரியத் தொடங்குகிறது. விரிந்து முடிப்பதற்குள் ஒட்டினால், மீதி விரிவு அட்டைமேல் சுருக்கமாக நிற்கும். பசை தடவிய தாளைச் சுருள்வது அடங்கித் தட்டையாகும் வரை விட்டுவையுங்கள், அப்புறம் ஒட்டுங்கள். காயும்போது தாள் சுருங்கி அட்டையைத் தன் பக்கம் வளைக்கும், ஆகவே மறுபக்கமும் ஒரு தாள் ஒட்டிச் சமன் செய்யுங்கள். தாள், அட்டை இரண்டின் கிரெயினும் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓடட்டும்.

புத்தகம் நனைந்துவிட்டால், முதலில் அது ஆர்ட் பேப்பரா என்று பாருங்கள். அந்தப் பளபளப்பு கயோலின் களிமண்ணும் கால்சியம் கார்பனேட்டும் ஒட்டுப்பொருளோடு சேர்ந்த பூச்சு. ஈரத்தில் இளகி, காயும்போது பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது காய்ந்துவிட்டால் பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு தாளாகப் பிரித்து, நடுவே உறிஞ்சும் தாள் வைக்க வேண்டும். உடனே முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு உறைகுளிரில் வைத்துவிடுங்கள், பூஞ்சையும் வராது, மையும் பரவாது. வெளியே விட்டால் இரண்டு நாளில் பூஞ்சை தலைகாட்டும்.

சாதாரணத் தாள் புத்தகத்துக்கு அவ்வளவு அவசரம் இல்லை. இருபது முப்பது பக்கத்துக்கு ஒன்றாக சமையலறை டிஷ்யூவோ அச்சடிக்காத நியூஸ்பிரிண்டோ செருகி, அது நனைந்ததும் மாற்றுங்கள். படித்த செய்தித்தாள் வேண்டாம், மை இறங்கும். 1966 நவம்பர் 4-ல் இத்தாலியில் ஆர்னோ ஆறு பெருகி பிளாரன்ஸ் நூலகங்கள் மூழ்கியபோதும் பக்கங்களுக்கு நடுவே உறிஞ்சும் தாள்களைச் செருகித்தான் ஏராளமான புத்தகங்களைக் காயவைத்தார்கள். வெயிலில் போட வேண்டாம், விசிறிக் காற்று போதும். ஓரங்கள் முதலில் காயும், முதுகுப் பக்கம் கடைசியில்தான் காயும். புறங்கையை முதுகோரம் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, செருகிய தாளை மாற்றுங்கள். சில்லிப்பு கொஞ்சமே மிஞ்சியிருக்கும்போது செருகல்களை எடுத்துவிட்டு, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு அழுத்தினால் நெளிவு போகாது.